கார்டு இல்லாமல் என்ன விலை

அன்பு மகள் டான்யாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவர் கால் வீக்கம் வடிந்துவிட்டது, நேற்று அறுவடை முடிந்த மக்காச்சோள வயல் வரை நடந்து போய்த் திரும்பி வந்து பழம் வைத்த கொலாச்சி பன் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீயும் மாப்பிள்ளை கர்ட்டும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

நீ வேலை பார்க்கும் காப்பீட்டுக் கம்பெனியின் காதுக்கு என் பெயர் எட்டிவிட்டது, மேலதிகாரி உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார், இனி அம்மா வாயை மூட வேண்டும் என்றாய். நடந்ததை முழுதாகக் கேள். உன் அப்பா இதய மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் விழுங்கி வந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல். கார் ஷெட்டில் மூச்சு வாங்கித் தரையில் சரிந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார், விலை ஏறிக்கொண்டே போகிறதே, கொஞ்சம் இழுத்துப் பிடித்தேன் என்றார். மறுநாளே நார்பர்ட் வாவ்ராவின் மருந்துக் கடைக்குப் போய் வழக்கம்போல உங்கள் கம்பெனியின் காப்பீட்டுக் கார்டை நீட்டினேன். அவர் மருந்துப் பையை மேசையில் வைத்து அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார், கொடுக்கவும் இல்லை, பேசவும் இல்லை, என் முகத்தையே பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரிசையில் பின்னால் நின்ற நம் பக்கத்து வீட்டு லவோன்தான் பொறுக்க முடியாமல் சொன்னாள், "கார்டு இல்லாம என்ன விலைன்னு கேளு டார்லீன். நீ கேட்டாத்தான் அவரு சொல்லலாம்." கேட்டேன். கார்டோடு நாற்பத்திரண்டு டாலர், கார்டு இல்லாமல் பதினொன்று. அதே டப்பா, அதே மாத்திரை. மாதாமாதம் பிரீமியமும் கட்டிவிட்டு இத்தனை காலம் தலையில் மிளகாய் அரைக்க விட்டிருக்கிறோம்.

நார்பர்ட்டுக்குக் காது வரை சிவந்துவிட்டது. கம்பெனியோடு போட்ட ஒப்பந்தப்படி அவராக வாயைத் திறந்து சொல்லக் கூடாதாம், சொன்னால் கார்டு செல்லும் கடைகளின் பட்டியலிலிருந்து இவர் கடையையே நீக்கிவிடுவார்களாம். "என்ன செய்யறது டார்லீன், கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். "போட்டது நீ. நான் எதுலயும் போடலையே" என்றேன். அன்றிலிருந்து வெள்ளிதோறும் அந்தக் கடையில் வாழ்த்து அட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன். முதலில் வீட்டுக்குப் போ என்ற நார்பர்ட் இப்போது நாற்காலி போட்டுத் தருகிறார். எல்லோரிடமும் கார்டைத் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று நினைக்காதே, பிராபெக் வீட்டுப் பெண்ணின் இன்சுலினுக்குக் கார்டுதான் லாபம், அதையும் அவளிடம் சொன்னேன். கார்டில் வாங்கினால்தான் நாங்கள் கட்டும் பணம் அந்த வருடத்துக் கணக்கில் சேரும், அது ஒரு வரம்பைத் தாண்டினால் மீதிச் செலவைக் கம்பெனியே ஏற்கும் என்று நீ போனில் விளக்கினாய், எனக்கும் புரிந்தது. ஆனால் அந்த வரம்பைத் தொடும் முன்பே உன் அப்பா ஷெட்டுத் தரையைத் தொட்டுவிட்டாரே.

உன் அழுகை என்னைச் சுடுகிறது, வீட்டுக் கடன் இருப்பதும் தெரியும். என்னால் உன் வேலைக்குக் கேடு வந்தால் அது எனக்கு ஆறவே ஆறாது. அதற்காகச் செய்தது தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். மறுபடி விசாரித்தால், அம்மா பிடிவாதக்காரி, என் பேச்சைக் கேட்பதில்லை என்று சொல், அது உண்மைதானே. அதுவும் போதாவிட்டால் அந்தப் பொம்பளை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை போவேன்.

கடவுள் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். காதை மூடிக் குல்லா போடு, கர்ட்டைப் பட்டினி போடாதே. உன் தைராய்டு மாத்திரை தீரும் நேரம் இது, வாங்கப் போகும்போது நீயும் அந்தக் கேள்வியைக் கேள், கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்.

நீ இல்லை என்று சொன்னாலும் உன் அம்மாதான்,
டார்லீன்