அப்பாவின் டார்ச் லைட்

அன்புள்ள அம்மாவுக்கு, வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை, கடையும் பரவாயில்லை.

நீங்கள் சொன்னபடி, போரில் நாம் விட்டு ஓடிய இந்த ஊரின் ஆவணக் காப்பகத்துக்கு அப்பாவின் டார்ச் லைட்டைக் கொடுக்க எடுத்துப் போனேன். குண்டு விழுவதற்கு முந்தைய நம் தெருவின் வரைபடம் அங்கே இருக்கிறது. நம் வாசல், எதிரே விளக்குக் கம்பம், எல்லாம் அப்படியே.

டார்ச்சுக்கு விவரச் சீட்டு எழுதிய காப்பகத்து அம்மாள், "உங்கப்பா எந்த வருஷம் தவறினாரு?" என்றார்.

"போனவர் திரும்பலைங்க. அவ்வளவுதான் தெரியும்."

"ஏதாவது ஒரு வருஷம் போடணுமே."

சரக்கு விற்க ஆயிரம் பொய் சொன்ன வாய்க்கு அந்த ஒன்று வரவில்லை. இன்றும் அவருக்கு ஒரு தட்டுக் கழுவி வைக்கிறவர் நீங்கள். டார்ச்சைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

வரைபட நகல் இத்துடன் இருக்கிறது. அன்று இருட்டில் டார்ச்சை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனவர், எந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்? பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அனுப்புங்கள். தினமும் கடை மூடியதும் அந்தத் தெருவுக்குத்தான் போகிறேன். எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

லாரி வந்துவிட்டது, சரக்கு இறக்க வேண்டும்.

உங்கள் மகன்