ஏழாம் எண் பிக்கப் வண்டி குடித்த 270 லிட்டர்

அனுப்புநர்:
வெர்னா பசாராபா,
குடிநீர் நிலையக் கண்காணிப்பாளர்,
டன்வர் கிரீக், சஸ்காட்செவன்.

பெறுநர்:
திரு. டெஸ்மண்ட் பார்க்கஸ் அவர்கள்,
வாகன மேற்பார்வை அலுவலர்,
ஊராட்சி அலுவலகம், டன்வர் கிரீக்.

பொருள்: ஏழாம் எண் பிக்கப் வண்டியின் டிசம்பர் மாதப் பெட்ரோல் செலவு – விளக்கம் அளித்தல் – பறிக்கப்பட்ட சாவியைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் கைப்பட எழுதிய குற்றச்சாட்டுக் கடிதம், நாள் ஜனவரி 16.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட கடிதம் கிடைத்தது. நான் ஓட்டும் வண்டி டிசம்பரில் 270 லிட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்திருக்கிறது, அது எங்கே போனது என்று விளக்க வேண்டும், அதுவரை சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தீர்கள். சாவியை மறுநாளே ஒப்படைத்துவிட்டேன். விளக்கத்தை இப்போது தருகிறேன். பிப்ரவரி 12 அன்று மன்றம் கூடி என்னை வேலையில் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யும் முன் இதைத் தாங்கள் கடைசி வரி வரை படிக்க வேண்டுகிறேன்.

1. நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு லிட்டர் என்ற தங்கள் கணக்கு, வண்டி புதிதாக வந்தபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் உள்ளது. அதை எழுதியவர்கள் வண்டியை எங்கே ஓட்டிப் பார்த்தார்களோ, தெரியாது. நம் ஊரில் குளிர்காலத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை என்று மட்டும் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறேன். டிசம்பரில் பதினெட்டு நாள் மைனஸ் முப்பதைத் தாண்டியது. காலையில் டயர்கள் தரையில் பட்ட பக்கம் தட்டையாகவே உறைந்திருக்கும். முதல் நான்கு கிலோமீட்டர் சதுரச் சக்கரம் பூட்டியதுபோல் வண்டி தடக் தடக்கென்று குதிக்கும். எஞ்சின் ஆயில் தேனாக இறுகியிருக்கும். பின்சக்கரம் வழுக்காமலிருக்க ஆறு மணல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு, நான்கு சக்கரமும் இழுக்க, பனியை உழுதுகொண்டு போக வேண்டும். இத்தனை உடுப்போடு ஏறினால் நானே இரண்டு ஆள் கனம். இந்த நிலையில் நூறு கிலோமீட்டருக்கு இருபத்தொரு லிட்டர் குடிக்கும் வண்டியைக் குடிகாரப் பட்டியலில் சேர்ப்பது நியாயமில்லை.

2. நான் நாள்தோறும் ஐந்து ஊர்களின் பம்ப் அறைகளைப் பார்த்து வருகிறேன். எந்த அறையின் வெளியிலும், நிற்கும் வண்டியின் எஞ்சின் உறையாமல் சூடேற்றி வைக்கும் கம்பியைச் செருக மின்இணைப்பு இல்லை. அலுவலக வாசலில் மட்டும் இருந்தது. அதையும் வேலை நேரத்தில் அணைத்து வைக்கும்படி தாங்கள் டிசம்பர் 2 அன்று மின்சிக்கனச் சுற்றறிக்கை அனுப்பினீர்கள். எஞ்சினை நிறுத்தினால் வண்டி படுத்துவிடும். வண்டி படுத்தால் நான் போய்ச் சேர மாட்டேன். குழாய் உறைந்து வெடிக்கும். ஐந்து ஊருக்கும் தண்ணீர் இருக்காது. ஆகவே நிறுத்துவதில்லை. இதை மறைக்கவுமில்லை.

3. சாவி பறிபோன செய்தி பரவியதும், பெட்ரோலை என் அக்கா வீட்டுக்காரர் லாய்டுக்கு உறிஞ்சிக் கொடுக்கிறேன் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. மளிகைக் கடையில் நான் வாங்கிய தோட்டத்து ரப்பர் குழாயை மூன்று பேர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். லாய்டின் வண்டி டீசல் வண்டி. செய்தி காதில் விழுந்ததும் அவர் என்னிடம் கேட்டதை அப்படியே தருகிறேன்: "ஏம்மா வெர்னா, திருடுறதுதான் திருடுற, என் வண்டிக்கு ஆகுறதாப் பாத்துத் திருடக் கூடாதா?" அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருடமாக ஊரார் குடிக்கும் தண்ணீரை நம்பி என்னிடம் விட்டிருக்கிறார்கள். நான் மூன்றாம் நிலையத்துப் பம்ப் அறையில் உட்கார்ந்து அழுதேன். கண்ணைத் துடைக்காமல் வெளியே வந்ததால் கண்ணீர் உறைந்து இமைகள் ஒட்டிக்கொண்டு, என் சொந்தக் காரைத் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

4. (இந்தப் பத்தி கோபத்தில் எழுதப்பட்டதால் மனுதாரரால் நீக்கப்பட்டது.)

5. தாங்கள் செப்டம்பரில்தான் மழை பெய்யும் கடற்கரை ஊரிலிருந்து மாற்றலாகி வந்தீர்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே எஞ்சின் ஓட நிற்கும் வண்டியை யாரும் பூட்டுவதில்லை. குளிரில் மாட்டிக்கொண்டவர் யாராக இருந்தாலும் ஏறி உட்காரலாம்; கேட்க வேண்டியதில்லை. என் வண்டியில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இருக்கை தானாகப் பின்னால் நகர்கிறது, ரேடியோ தானாகப் பக்திப் பாடலுக்கு மாறுகிறது என்று பழுதுபார்க்கும் கொட்டகைக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். தங்கள் கடிதம் வந்த பிறகுதான் வீடு வீடாக விசாரித்தேன். போதகர் ஞாயிறு பிரசங்கத்தில் பாதியை அதில்தான் தயாரித்திருக்கிறார். இரண்டு ஆசிரியைகள் பரீட்சைத் தாள் திருத்தியிருக்கிறார்கள். திருமதி ஃப்ரீசன் தன் நாயை மட்டும் உட்கார வைத்துவிட்டுத் தபால் வாங்கப் போயிருக்கிறார். மொத்தம் பதினொரு பேர், நாயைச் சேர்க்காமல். எல்லோரும் வெட்கமில்லாமல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள்.

6. தங்கள் கடிதத்தின் மிக முக்கியமான வாசகத்துக்கு வருகிறேன். "ஜனவரி 16 மாலை 4.20 முதல் 5.30 வரை, முதலாம் நிலையத்தின் எதிரே இவ்வண்டி ஆளில்லாமல் எஞ்சின் ஓட நின்றதை நான் நேரில் கண்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். நேரம் மிகச் சரி. அந்த எழுபது நிமிடமும் நான் உள்ளே உறைந்த குழாயை இளக்கிக்கொண்டிருந்தேன். அன்று மைனஸ் முப்பத்தாறு, காற்று வேறு. இந்தக் குளிரில் ஓர் அலுவலர் எழுபது நிமிடம் எங்கே நின்று பார்த்திருக்க முடியும் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போனது.

7. விடை, எதிரில் காபிக் கடை வைத்திருக்கும் ஆக்னஸ் டேவ்ஸ் அம்மாளிடம் கிடைத்தது. அவர் கடையடைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். நிலையத்தை ஒட்டிய அலுவலகத்தின் கதவு தங்கள் பின்னால் தானே பூட்டிக்கொண்டதையும், பகலெல்லாம் மின்இணைப்பு இல்லாமல் நின்ற தங்கள் கார் கிளம்ப மறுத்ததையும், இழுவை வண்டிக்குத் தாங்கள் போன் செய்ததையும் சொன்னார். அதற்கு மேல் நடந்ததை அவர் வாயாலேயே தருகிறேன்: "பாவம், வெரச்சுப்போயி உன் வண்டிக்குள்ள ஏறிக்கிட்டாரு. ஈரத் தரையில பூட்ஸோட உள்ள விட மனசில்ல, அதான் காபிய வண்டிக்கே கொண்டுபோய்க் குடுத்தேன். மடியில பேப்பர வச்சிக்கிட்டு என்னமோ எழுதிட்டே இருந்தாரு."

8. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு பழுப்பு வட்டம் இருந்தது. அதை அலுவலக முத்திரை என்று எண்ணி நானும் மரியாதையாகப் பத்திரப்படுத்தியிருந்தேன்.

9. ஆகவே, 270 லிட்டர் எங்கே போனது என்ற தங்கள் கேள்விக்கு என் பதில்: பெரும்பகுதி பனியிலும் காற்றிலும் மணல் மூட்டையிலும் போனது. மிச்சம் இந்த ஊராரின் கை கால்களில் போனது. ஜனவரிக் கணக்கிலும் கூடுதல் வரும். அதில் ஏறத்தாழ மூன்று லிட்டர் தங்கள் கால்களுக்குப் போனது. அதைப் பற்றி எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. மறுபடி கார் படுத்தாலும் கேட்காமலே ஏறிக்கொள்ளுங்கள். என் குறையெல்லாம், தாங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டே "ஆளில்லாமல்" என்று எழுதியதுதான்.

எனவே, வண்டிச் சாவியைத் திரும்பத் தரவும், அலுவலக வாசலில் மின்இணைப்பை மீண்டும் கொடுக்கவும், நான் திருடவில்லை என்று மன்றத்தில் எல்லோர் காதிலும் விழும்படி தங்கள் வாயால் சொல்லவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். கடிதத்தைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, வண்டிக்குள் யார் இருந்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். மற்றதை மன்றமே புரிந்துகொள்ளும்.

நாள்: ஜனவரி 30
இடம்: டன்வர் கிரீக்

இப்படிக்கு,
தற்சமயம் சாவி இல்லாத,
வெர்னா பசாராபா

இணைப்பு:
அ. டிசம்பர் மாதக் கிலோமீட்டர், குளிர்நிலைப் பதிவு – ஒரு தாள்.
ஆ. வண்டியில் ஏறியவர்களின் கையெழுத்துப் பட்டியல் – பதினொரு பெயர்கள். பன்னிரண்டாவது வரி தங்களுக்காகக் காலியாக விடப்பட்டுள்ளது.
இ. ஓட்டுநர் இருக்கையின் அடியில் கிடைத்த ஆண்கள் தோல் கையுறை, இடது கை – ஒன்று. காய வைத்து அனுப்பியிருக்கிறேன்.