ஜீப்பின் அடிவயிறு

மார்ச் 3, திங்கள்

காலையில் என் மனைவி (வீட்டிலும் எனக்கு அவள் டாக்டர்தான்) வேலைக்குக் கிளம்பியதும் பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் நுழைந்தேன். உள்ளே போனது சுலபம். வெளியே வரத்தான் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. காலைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டு, "ரிட்டயர்டு ஆனா ஓய்வா இருக்கணும் சார்" என்றார்.

ஓய்வாக இருக்க முடியவில்லை. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து டாக்டருக்கு மலை மேல் உள்ள கால்நடை மருத்துவமனைக்கு மாற்றல். பாதை பாதிக்கு மேல் சேறும் கல்லும்தான். நடுவில் ஒரு ஓடை வேறு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருந்தால்தான் தினமும் போய்வர முடியும். எங்கள் கிழட்டு ஜீப் இந்த மாதம் 27-ஆம் தேதி தகுதிச் சோதனையில் தேறினால் அதில் போவாள். தேறாவிட்டால் ஜீப் பழைய இரும்புக் கடைக்கு, அவள் மேலே மருத்துவமனை அறைக்கு. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வீடு.

"ரூம் நல்லாத்தான் இருக்கு. ஜன்னல் வேற பெருசு" என்றாள் நேற்று. ஜன்னலைப் பற்றி எதற்கு அவ்வளவு சொல்ல வேண்டும்?

இங்கே எழுதிவைக்கிறேன், என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள். அவள் அங்கே தங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 4, செவ்வாய்

ஜீப்பைத் தூக்கி நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். ஒரு தோட்டம் போடும் அளவுக்கு மண் விழுந்தது. மண்ணோடு எங்கள் வீட்டுத் தேக்கரண்டி ஒன்றும் விழுந்தது. வேலைக்காரி எடுத்துவிட்டாள் என்று டாக்டர் ஒரு காலத்தில் சந்தேகப்பட்ட அதே தேக்கரண்டி. கழுவித் தட்டில் வைத்தேன். சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டு அதிலேயே காபிக்குச் சர்க்கரை கலக்கினாள்.

மார்ச் 6, வியாழன்

காய்ந்துவிட்டது. இனி தட்டிப் பார்க்க வேண்டும். டாக்டர் லீவு போட்டிருந்தாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் அடியில் போய்ப் படுத்தாள். மாட்டின் அடிவயிற்றைப் பார்த்துப் பழகியவளுக்கு ஜீப்பின் அடிவயிறு ஒரு பொருட்டா?

சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே வந்தாள். நல்ல இடம் ணங் என்றது. பின்சக்கரத்து வில்லுப் பட்டை மாட்டியிருக்கும் இடத்துக்கு வந்ததும் தொப் என்றது.

"இங்க ஸ்க்ரூ டிரைவரால குத்துங்க."

குத்தினேன். பிடி வரைக்கும் போய்விட்டது.

"பயப்படாதீங்க. கட்டி இங்க மட்டும்தான். மத்த உடம்பு நல்லா இருக்கு" என்றாள். நோயாளிக்கு உறவுக்காரன் மாதிரி தலையை ஆட்டினேன்.

மார்ச் 8, சனி

வெல்டர் வந்தார். பேசவே மாட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன், உண்மைதான். அடியில் போனார், வந்தார், பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். டீசல் டேங்கைக் கழற்றி தூரமாகக் கொண்டுபோய் வைத்தோம். உளுத்த இரும்பை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்.

எதிர்வீட்டுக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டார். "இந்த வயசான வண்டிக்கு இவ்வளவு வைத்தியமா? டாக்டர் வீட்டுல பொறக்கக் குடுத்து வச்சிருக்கணும்." வெல்டர் முகமூடியைத் தூக்கி ஒரு முறை சிரித்தார். நாள் முழுக்க அவரிடமிருந்து வந்தது அது ஒன்றுதான்.

மார்ச் 12, புதன்

கம்பி பிரஷ்ஷை மெஷினில் மாட்டித் துருவைத் தேய்த்து எடுக்கிறேன். கண்ணாடி, முகமூடி, தொப்பி எல்லாம் போட்டும் காதுக்குள் துரு. தும்மினால் துரு. குளித்தால் தண்ணீர் காபி நிறத்தில் போகிறது. இடுப்பு என்று ஒன்று இருந்த இடத்தில் வலி மட்டும் இருக்கிறது.

ஆனால் வெளியே சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்குச் சந்தோஷமாக இருக்கிறேன். செதில் செதிலாக உதிர்ந்து வெள்ளை இரும்பு தெரியும்போது ஒரு திருப்தி. மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். டாக்டர் போன் செய்து திட்டிய பிறகுதான் சாப்பிட்டேன்.

மார்ச் 15, சனி

துரு போகாத மூலை முடுக்குக்கெல்லாம் துருவைக் கறுப்பாக்கி நிறுத்தும் மருந்தைத் தடவினோம். அது காய்ந்ததும் துத்தநாகப் பிரைமர். பிரேக் குழாய், ரப்பர், சைலன்சர் எதிலும் படாமல் பேப்பர் சுற்றி டேப் ஒட்டியது டாக்டர். கட்டுப் போடுவதில் அவளை அடிக்க ஆளில்லை.

இரண்டு பேரும் முதுகைத் தரையில் வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் படுத்து மேலே பார்த்தபடி வேலை செய்தோம். அப்படிப் படுத்துக்கொண்டு பேசி எவ்வளவு நாளாயிற்று. மேலே புதிதாக வந்திருக்கும் கம்பவுண்டர் பற்றி, பாதையில் ஒரு மயில் தினமும் குறுக்கே வருவதாக அவர் சொன்னதைப் பற்றி. ஜன்னல் பேச்சு வரவில்லை. நானும் கிளறவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இன்று தனி ஆளாகக் கறுப்பு அடிப்பூச்சு முழுவதும் அடித்து முடித்தேன். வாழ்நாள் முழுக்க மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும் ஒழுகாமல் பார்த்துக்கொண்டவன் கை. ஒரு இடம் விடவில்லை.

வண்டியைத் தாங்கும் சேஸியின் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் அடியில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. எதற்கோ போட்டு மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. நம்மிடம்தான் தொட்டிக்கு வைக்கும் பசை மிச்சம் இருக்கிறதே. ஒவ்வொன்றாக அடைத்து, தேய்த்து, மேலே பூச்சும் அடித்துவிட்டேன். ஓட்டை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. இனி ஒரு சொட்டு உள்ளே போகாது.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: "சட்டத்துக்கு உள்ள துரு புடிக்காம மெழுகு அடிச்சிட்டீங்களா?"

"தண்ணி போனாத்தானே மெழுகு? அதுக்கு வேலையே இல்லாம பண்ணிட்டேன்."

"அப்படியா" என்றாள். மெழுகு டின் அலமாரியில் திறக்காமல் இருக்கிறது.

மார்ச் 22, சனி

மனசு சரியில்லை.

வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று மலைப்பாதைக்குப் போனோம். டாக்டர்தான் ஓட்டினாள். ஜீப் சும்மா சொல்லக் கூடாது, ஓடையில் இறங்கி அச்சு மூழ்க மூழ்க ஏறிப் போனது. திரும்பி வரும்போது பிரேக் போட்டால் ஒரு சத்தம். களக். மறுபடி போட்டால் மறுபடி களக். டேங்கில் டீசல் ஆடுகிறது என்றேன் நான். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து சேஸியில் வைத்து, என்னை வண்டியை ஆட்டச் சொன்னாள். ஆட்டினேன்.

"உள்ள தண்ணி நிக்குது" என்றாள். கீழே டார்ச் அடித்துப் பார்த்தாள். "இங்க இருந்த ஓட்டையெல்லாம் எங்க?"

சொன்னேன்.

"அது தண்ணி வடியறதுக்கு வச்ச ஓட்டைங்க. வயர் போற வழியா மேலேருந்து தண்ணி போகத்தான் செய்யும். கீழ வழி இல்லன்னா எங்க போகும்? வண்டியக் காப்பாத்தச் சொன்னா தொட்டி கட்டி வச்சிருக்கீங்க."

சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

நான் வேணும்னா பண்ணேன்? அவ தினம் வீட்டுக்கு வரணும்னுதானே கெடந்து உழைச்சேன். சோதனைக்கு இன்னும் அஞ்சு நாள்தான். உள்ளே தண்ணியை வச்சுக்கிட்டு எப்படிக் காட்டறது — இல்ல, காட்டித் தேறினாலும்தான் என்ன, உள்ளேயிருந்து உளுத்துப்போய் ஒருநாள் மலைமேல அவளை நிறுத்திட்டா? ஒரு ஓட்டையப் பாத்தா அடைக்கத்தான் தெரியுது எனக்கு. எதுக்கு இருக்குன்னு கேக்கத் தெரியல.

மார்ச் 23, ஞாயிறு

விடிந்ததும் அடியில் போய்விட்டேன். பசையைத் தோண்ட உளி, சுரண்டி எல்லாம் வைத்துப் பார்த்தேன். அசையவே இல்லை. வாடிக்கையாளர்களிடம் 'உசுரே போனாலும் இது போகாது' என்று சொல்லி விற்ற பசை. என் வேலையை நானே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கடைசியில் டிரில் எடுத்தேன். முதல் ஓட்டை திறந்ததுமே துருவும் சேறும் கலந்த தண்ணீர் நேராக என் முகத்தில் கொட்டியது. துப்பிக்கொண்டே திரும்பினால் பக்கத்தில் டாக்டர். எப்போது வந்து படுத்தாள் என்றே தெரியவில்லை. இப்போது சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"கன்னுக்குட்டி போடறப்ப பனிக்குடம் ஒடைஞ்சா நான் இப்படித்தான் நனைவேன். இன்னிக்கு உங்க முறை."

துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். "வந்தாத்தானே போறதுக்கு. நேத்து களைப்பு" என்றாள். அப்புறம் அடுத்த ஓட்டைக்கு டார்ச் பிடித்துக்கொண்டே, ஏதோ காய்கறி விலை சொல்வதுபோல: "அந்த ரூம் வேணாம்னு வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன். கம்பவுண்டருக்குக் குடுத்துட்டாங்க."

டிரில்லை நிறுத்தினேன். "வெள்ளிக்கிழமையா? வண்டி தேறலைன்னா?"

"தேறும். தேறலைன்னா என்னை முதுகுல தூக்கிட்டுப் போங்க. இடுப்பு வலி பழகிடுச்சில்ல."

"ஜன்னல் பெருசுன்னு சொன்னியே?"

"ஆமா பெருசு. ஜன்னலோடவா பேசிக்கிட்டு ஒக்காந்திருப்பேன்?"

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. துருத் தண்ணீர் பட்ட முகம், அதனால் தெரிந்திருக்காது. மத்தியானத்துக்குள் எல்லா ஓட்டையையும் திறந்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

இரண்டு நாளாகச் சட்டத்துக்குள் சூடான காற்று ஊதிக் காயவைத்தோம். டிரில் பட்டுத் தோல் உரிந்த இடத்துக்கெல்லாம் மறுபடி பிரைமர், பூச்சு. இன்று நீளக் குழாயை உள்ளே விட்டு மெழுகு அடித்தேன். ஒவ்வொரு ஓட்டையிலும் மெழுகு வந்து சொட்டும் வரைக்கும் அடிக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. சொட்டியது. ஓட்டை மறுபடி அடைந்துவிடாமல் ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டு ஆட்டினேன். நானா இது.

மார்ச் 27, வியாழன்

சோதனை. அதிகாரி இளைஞர், முகத்தில் சிரிப்பே இல்லை. குழிக்குள் இறங்கி ஒரு இரும்புக் கம்பியால் அடி முழுக்கக் குத்திக்கொண்டே வந்தார். வெல்டர் வைத்த தகட்டில் இரண்டு முறை குத்தினார். ஓட்டைகளில் ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் மெழுகு. துணியில் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"அடி சரியா இருக்கு" என்றார். டாக்டர் என் கையைக் கிள்ளினாள்.

"ஆனா பின்னாடி பிரேக் லைட் எரியலையே."

இத்தனை நாள் அடியிலேயே கிடந்தவன் பின்னால் போய் நின்று பார்த்தேனா? எதிர்க்கடைக்கு ஓடினேன். பல்பை வாங்கிவந்து மாட்டினேன். எரிந்தது.

தேறிவிட்டது.

ஏப்ரல் 1, செவ்வாய்

போனாள். ஆறரைக்கு வந்தாள். மயிலைப் பார்த்தாளாம்.

ஏப்ரல் 9, புதன்

மத்தியானத்திலிருந்து மழை. மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. ஐந்து மணிக்கு போன் போகவில்லை. ஆறரைக்கும் போகவில்லை. எதிர்வீட்டுக்காரர் குடையோடு வந்து, "ஓடை ரொம்பி இருக்கும் சார், அங்கேயே தங்கியிருப்பாங்க" என்று ஆறுதல் சொன்னார். அறைதான் இல்லையே என்று அவரிடம் சொல்லவில்லை. ஷெட்டைக் கூட்டினேன். கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினேன்.

ஏழரைக்குத் தெருமுனையில் அந்த இஞ்சின் சத்தம். ஜீப் உள்ளே வந்து நின்றது, சேறு ஜன்னல் வரைக்கும். பிரேக் போட்டபோது களக் இல்லை.

"ஓடையில தண்ணி வடிஞ்சு பாதை தெரியற வரைக்கும் நின்னேன். அப்புறம் எறக்கினேன். ஏறிடுச்சு" என்றாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். "பசிக்குது" என்று உள்ளேயிருந்து குரல்.

விளக்கை அணைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். சட்டத்தின் எல்லா ஓட்டைகளிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, நான் கூட்டி வைத்த தரையில். எங்காவது சொட்டுச் சத்தம் கேட்டால் தூக்கம் வராத ஆள் நான். குழாய் சொட்டினால்கூட எழுந்து போய் அடைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

வாளி வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கடைசிச் சொட்டு விழும் வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் டாக்டர் இரண்டு தட்டிலும் சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.