எது என் வயல்?

30-5-2020, சனி

இரத்த அழுத்தம் 130/80. வண்ணார்பேட்டையில் பாதிக் கடைகள் திறந்துவிட்டன.

மதியம் அம்பாசமுத்திரத்திலிருந்து போன். வேளாண்மை அலுவலர் விஜயஸ்ரீ. ஊரடங்கில் நஷ்டப்பட்ட விவசாயிகளுக்கு நிவாரணமாம். பட்டா என் பெயரில் இருப்பதால் பட்டியலில் நான். "புதன்கிழமை வயல்ல நில்லுங்க சார், பார்த்துட்டு எழுதிக்கிடுதேன். நீங்கதானே விவசாயம் பண்ணுதீங்க?"

"ஆமா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? முப்பது வருஷமாக உழுவது சுடலைக்கண்ணு. நான் வாங்குவது குத்தகையாக வரும் பாட்ட நெல் மட்டும்.

31-5, ஞாயிறு

சுடலைக்கண்ணுவிடம் போனில் பேசினேன். வெட்ட ஆளும் ஏற்ற லாரியும் இல்லாமல் என் வயலில் அவர் போட்டிருந்த வாழையில் தாரெல்லாம் மரத்திலேயே அழுகிவிட்டது. அணை திறந்தால் கார் பருவ நெல் நடவு. விதைநெல் வாங்க வழியில்லை. பைய ஆரம்பித்தார்: "உழுதது நான்தான்னு ஐயா ஒரு எழுத்து கொடுத்தா, அந்த நிவாரணத்த எனக்கே தருவாகளாம்."

"பாப்போம்" என்றேன்.

உழுகிறவன் பெயரைக் காகிதத்தில் ஏற்றினால் வயல் போய்விடும் — அப்பா சாகும்வரை சொன்னது. எனக்கு வயது எழுபத்து நான்கு. இன்னும் அப்பாவுக்குப் பயம்.

1-6, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். பணத்தை நான் வாங்கி, சுடலைக்கண்ணு கையில் கொடுத்துவிடுவது. பெயர் எதற்கு? இது நியாயமா? நியாயம் மாதிரிதான் இருக்கிறது.

மனைவி சொர்ணாம்பாளிடம் சொன்னேன். "பொய் சொல்லப் போறதுக்கு வேட்டி வேற தேய்க்கணுமாக்கும்?" என்றாள். தேய்த்துக் கொடுத்தாள்.

3-6, புதன்

பஸ்ஸில் முகக்கவசத்துக்குள் இருமவும் பயம்.

நெல் அறுத்து, அழுகிய வாழையையும் அழித்து, வயல்களெல்லாம் ஒரே மாதிரிக் காய்ந்து கிடந்தன. சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, எல்லாம் எனக்கு மனப்பாடம். முப்பத்து நான்கு வருஷம் புவியியல் வாத்தியார். விஜயஸ்ரீ ஸ்கூட்டரில் வந்ததும் வயலின் நடுவில் நிமிர்ந்து நின்று, "இதுதான் என் வயல்" என்றேன். படம் எடுக்கப் போனார்.

வாய்க்கால் பக்கமிருந்து சுடலைக்கண்ணுவின் சத்தம். "ஐயா! அது இஸ்ரவேல் வயலுய்யா! நம்ம வயல் இங்கன!"

அவர் மனைவி சுடலைவடிவு: "பைய சொல்லுங்க. இஸ்ரவேல் அண்ணாச்சி காதுல விழுந்தா, வந்து ஐயாட்ட பாட்டம் கேட்டுருவாரு."

விஜயஸ்ரீ சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். எனக்குக் காதெல்லாம் சூடு. என்ன மனுஷன் நான்! சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"நான் விவசாயி இல்லம்மா. எது எந்த வயல்னு தெரிஞ்சவரு அங்கன நிக்காரு. அவர் பேரை எழுதுங்க."

அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து நன்றாகவே விழுந்தது.

4-6, வியாழன்

நல்ல தூக்கம். அப்பா கனவில் வரவில்லை.

9-6, செவ்வாய்

இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. சுடலைக்கண்ணுவுக்குப் பணம் வந்து, விதைநெல் வாங்கி, நாற்றங்காலிலும் விதைத்தாகிவிட்டது. நடவுக்குக் கூப்பிட்டார். "வழி தெரியுமாய்யா, பஸ் ஸ்டாண்டுக்கு வரட்டா?"

வேண்டாம் என்றேன். கொஞ்சம் கோபமாகவே.

29-6, திங்கள்

மதகிலிருந்து நான்காவது வரப்பு, ஒற்றைப் பனை. யாரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

சுடலைவடிவு நிமிர்ந்து பார்த்து, "இஸ்ரவேல் வயல் அடுத்ததுய்யா" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

பத்து நாற்று நட்டேன். சுடலைக்கண்ணு எட்டைப் பிடுங்கி மறுபடி நட்டார். இரண்டு அப்படியே இருக்கின்றன.

வீட்டுக்கு வந்தால், இடுப்பு வரை சேறான வேட்டியோடு வந்த என்னைச் சொர்ணாம்பாள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"இன்னைக்குப் போய்ச் சொல்லுங்க, விவசாயின்னு."