துபாஷி வீட்டுத் தாள்

சைகோன், மார்ச் 12, செவ்வாய்

மகள் செலினின் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, அதன் நகலோடு அவளை அழைத்து வந்தேன். இனி வீட்டிலும் அவள் பிரெஞ்சில்தான் பேச வேண்டும். மீறினால் அடுத்த வருஷம் இடமில்லை. அவளுடைய அம்மா மரியாளுக்கோ தமிழை விட்டால் வேறு பாஷை தெரியாது.

சோறு போடும்போது மரியாள் கேட்டாள்: "தாள்ல என்னங்க எழுதியிருக்கு?"

நான் கோர்ட்டில் ஒரு பாஷையை இன்னொன்றில் மாற்றிச் சொல்லும் துபாஷி. உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று சத்தியம் செய்து சம்பளம் வாங்குகிறவன்.

"புள்ள நல்லா படிக்குதாம்" என்றேன்.

தாளை வழியிலேயே படித்துவிட்ட செலின் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. அம்மாவிடம் தட்டை நீட்டி, "மெர்ஸி, மமான்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

மரியாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நெசந்தாங்க. எவ்வளவு நல்லா பேசுது பாருங்க!"