கடையில் சொல்லாத வார்த்தை

காஞ்சிபுரம்
14.7.1974

அன்பு மகள் மதனவதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், பசுவும் நலம். பம்பாய் மழையில் உன்னைப் பிடித்த இருமல் விட்டதா என்பதை முதலில் எழுது. இங்கிலீஷ் தெரியாத அப்பா, துணி வாங்க வரப்போகிற ஜெர்மனிக்காரரிடம் என்ன பேசுவார் என்று கவலைப்பட்டு, வேலையை விட்டுவிட்டு வந்து கடையைப் பார்க்கப்போகிறேன், ராஜினாமாக் கடிதம்கூட டைப் அடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதை ஆபீசில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

நான் இங்கிலீஷ் படிக்கிறேன், சிரிக்காதே. வியாபாரிகள் சங்கத்து மாடியில் பரசுராமன் வாத்தியார் மெட்ராசிலிருந்து ரீல் பெட்டி வரவழைத்து, சுவரில் வேட்டி கட்டி, வாரம் இரண்டு நாள் பாடத்தைப் படமாகவே காட்டுகிறார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு நான்தான் முதல் ஆளாகப் போய் உட்காருகிறேன். படத்தில் ஒரு கம்பெனிக்காரனும் சரக்கு வாங்க வந்தவனும் பேசுவார்கள், வாத்தியார் மெஷினை நிறுத்துவார், நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம், வாங்க வந்தவன் வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு வேண்டும் என்றான், கம்பெனிக்காரன் அவன் முகத்துக்கு நேரே 'நோ' என்றான். அவ்வளவுதான், முப்பது வியாபாரிகளில் ஒருவரும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. கடையில் உட்கார்ந்து இல்லை என்று சொல்கிற பழக்கம் நம்மில் யாருக்கு உண்டு? சரக்கு தீர்ந்தாலும் 'வரும்' என்றுதானே சொல்வோம். பாத்திரக்கடை முனிசாமி, வாய் கூசாம இல்லைன்றானே, இவன் கடை வெளங்குமா என்று எழுந்தே போய்விட்டார். வாத்தியார் விடவில்லை, அந்த இடத்தையே நாலு தரம் ஓட்டினார். நாலாவது தரம்தான் கவனித்தேன், 'நோ' சொன்ன கையோடு அவன் வேறொரு தேதி சொல்கிறான், இருவரும் கைகுலுக்கிச் சிரித்துக்கொண்டே பிரிகிறார்கள்.

வியாழக்கிழமை காலையிலேயே ஜெர்மனிக்காரர் வந்துவிட்டார். பட்டு ஊரில் நூல் துணி விற்கிற நம்மைத் தேடி வந்தவர், ஆறு வாரத்தில் இரண்டாயிரம் மேஜை விரிப்பு கேட்டார். இருபது தறியில் நடக்கிற காரியமா? 'வரும்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. போன வருஷம் மெட்ராஸ் கம்பெனிக்கு அப்படித்தான் சொல்லி, இரண்டு மாதம் தாமதமாகி, மூட்டை மூட்டையாகத் துணி திரும்பி வந்தது உனக்கே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு 'நோ சார், சாரி' என்றேன். உள்ளேயிருந்து உன் அம்மா, காலங்காத்தால கடையில உக்காந்துக்கினு நோன்றீங்களே என்று தலையில் அடித்துக்கொண்டாள். எண்ணூறுதான் முடியும் என்று இங்கிலீஷில் சொல்லி, கொடுக்கும் தேதியையும் சொன்னேன். அவர் நோட்டில் குறித்துக்கொண்டு, இந்த ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றே சொன்னார்கள், முடியாது என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான், உங்களை நம்பலாம் என்றார். எழுபது சதவீதம் எனக்கே புரிந்தது. எண்ணூறுக்கும் ஆர்டர் ஆகிவிட்டது, தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது.

இனி உன் விஷயம். நேரில் கேட்டிருந்தால் 'பார்க்கலாம்மா' என்றிருப்பேன், நீயும் அதை 'வா' என்று எடுத்துக்கொண்டு ரயிலேறியிருப்பாய். நீ வந்தால் வீடு நிறையும், எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் நோ. அந்த ராஜினாமாக் காகிதத்தைக் கிழித்துப் போடு. நீ படித்து வாங்கிய வேலை, எனக்குப் பேச ஆள் வேண்டும் என்பதற்காக விடக் கூடாது.

பகவான் அருளால் உடம்புக்கு ஒன்றும் வராமல் நீண்ட காலம் நன்றாக இரு. மிளகுக் கஷாயம் மறக்காதே. தீபாவளிக்குப் பத்து நாள் லீவு போட்டு வந்துவிடு. அதற்கு மட்டும் நீ 'நோ' சொன்னால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

உன் அப்பா
அப்பாண்டை