இடைச்செருகல் என்ற சொல்லுக்காக

மாட்டுங்கா மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே, இதைப் பாலோடு சாப்பிடக்கூடாது, இரும்புச்சத்து மாத்திரையும் கூடாது என்றார் கடைக்காரர். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லித் தெரியும், டீச்சர். இந்த வகை மருந்து உலோகத்தைக் கண்டால் விடாது. பாலிலுள்ள கால்சியத்தையும் இரும்பையும் வயிற்றிலேயே கவ்விக்கொண்டு, ரத்தத்தில் சேராமல் கிடந்துவிடும்.

உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அந்தப் பிடிவாதத்தைத்தான் பயன்படுத்தினீர்கள். மருந்துக்குத் தாமிரத்தை வேண்டுமென்றே கவ்வக் கொடுத்தீர்கள். அந்தக் கூட்டுப்பொருள் டி.என்.ஏ.வோடு இன்னும் உறுதியாக ஒட்டியது. டி.என்.ஏ. ஒரு முறுக்கிய ஏணி. மருந்தின் தட்டையான பகுதி இரண்டு படிகளுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். இதைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்று நம் தமிழ்ச் சங்க இதழின் பதிப்பாசிரியராக நான்தான் கேட்டேன். எழுதிக்கொண்டு வந்தீர்கள். தலைப்பிலேயே சண்டை: 'இடைச்செருகல்'.

விக்ரோலியில் ஃபிட்டர் வேலை பார்த்துக்கொண்டே தமிழைத் தானாகப் படித்தவன் நான். சொல்லில் விட்டுக்கொடுக்க மாட்டேன். "இடைச்செருகல்னா பழைய நூல்ல எவனோ கள்ளப்பாட்டைச் சொருகுதது டீச்சர். மருந்துக்கு அந்தப் பேரு ஆகாது" என்று சொல்லி, 'இடைநுழைவு' என்று திருத்தினேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "அதேதான் அண்ணாச்சி. நடுவுல ஒண்ணைச் செருகிட்டா, கிருமியால தன் ஏட்டையே நகலெடுக்க முடியாது. மருந்து பண்றதும் கள்ளத்தனம்தானே? உங்க சொல்லு தட்டையா இல்லை, உள்ளே போகாது."

நானும் இறங்கவில்லை, நீங்களும் இறங்கவில்லை. கட்டுரை இல்லாமலே இதழ்கள் வந்தன. பிறகு செம்பூர் மருத்துவமனையிலிருந்து ஃபோன் செய்தீர்கள். "உங்க சொல்லையே போட்டுக்கோங்கோ. எனக்குத் தெம்பில்லை."

அந்த மனக்குறை எனக்கு இன்னும் தீரவில்லை. நான் வாதாடி ஜெயித்திருந்தால் சரி. தெம்பில்லை என்பது ஒரு வாதமா? அதற்கு மறுப்பு சொல்லவும் நீங்கள் இடம் வைக்கவில்லை. அடுத்த வாரமே போய்விட்டீர்கள்.

நேற்று தாராவி அச்சகத்திலிருந்து உங்கள் கட்டுரையின் மெய்ப்பு வந்தது. தலைப்பில் என் 'இடைநுழைவு'. அதை அடித்துவிட்டு உங்கள் சொல்லை எழுதினேன். பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: 'இச்சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. பதிப்பாசிரியர்.'

ஒத்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் பழைய நூல்களில் 'இடைச்செருகல்' என்று எங்கே கண்டாலும் இப்போது எனக்குத் தாமிரம்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் சொல் தட்டையானதுதான். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அடிக்குறிப்பை மட்டும் எடுக்க மாட்டேன்.